ஒன்றும் கழலக் கூடாது

எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் அட்டெண்டருக்கு மாணவிகள் வைத்த பெயர் 'லூஸ் காண்டாக்ட்'. அந்தப் பெயருக்குக் காரணம் அவரேதான். மின்விசிறி சுற்றவில்லை என்றால் "எங்கயோ லூஸ் காண்டாக்ட்" என்பார். கால்வனாமீட்டரின் முள் அசையாவிட்டாலும் அதைத்தான் சொல்வார். தலைமையாசிரியை காலையிலேயே வந்து எரிந்து விழுந்துவிட்டுப் போனால்கூட, அவர் படி இறங்கிய பிறகு என் பக்கம் குனிந்து அதையே முணுமுணுப்பார். பதினோரு வருடம் அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவள் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவருக்கு வரவே வராது. அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி ஒன்றுதான். நான் அவருக்குச் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை.

ஆய்வகம் இரண்டாம் மாடியில், மாடிப்படிக்கு நேர் எதிரே இருந்தது. பதினாறு மேசைகள், எட்டு அலமாரிகள், மூலையில் ஒரு தொட்டி, அதன் மேல் கம்பியால் கட்டிவைத்த குழாய். எல்லா அலமாரிச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கும். அவர் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். பித்தளை முளைகள் தேய்ந்த மின்தடைப் பெட்டிகளைச் சொரசொரப்புத் தாளால் தேய்த்து, ஒவ்வொரு முளையையும் திருகிப் பார்த்து, அது அசையாமல் நின்றால்தான் அவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கும்.

இந்தப் பயத்துக்கு ஒரு கதை உண்டு. நான் வருவதற்கு முன்னால் அறிவியல் கண்காட்சி ஒன்றில், அதிகாரிகள் வந்து நின்ற நேரம் பார்த்து மாணவிகள் செய்த காற்றாலை மாதிரியில் ஒரு கம்பி கழன்று விழுந்திருக்கிறது. விளக்கு எரியவில்லை. அன்று சாயங்காலமே அவருக்கு மெமோ வந்தது. கம்பியைச் செருகியவள் யாரோ ஒரு மாணவி. மெமோ அட்டெண்டருக்கு. அந்தத் தாளை இன்னமும் மூன்றாம் அலமாரியில், உடைந்த பொருட்களின் பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மறந்துடக் கூடாதுல்ல டீச்சர்" என்றார்.

அவருடைய ஒரே மகள் எங்கள் பள்ளியிலேயே படித்தாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், எல்லாப் பெண்களும் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவதைப் பார்த்தாள். அவளும் ஆய்வக வாசலில் வந்து நின்று, "அண்ணே, கீழ குழாய்ல தண்ணி வரல" என்றாள். அவர் ஒரு நொடி திகைத்திருக்கிறார். பிறகு "சரிம்மா, பாக்கறேன்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். "எட்டரை மணி வரைக்கும் அப்பா, டீச்சர். எட்டரைக்கு மேல அண்ணன். சாயங்காலம் நாலரை ஆச்சுன்னா திரும்ப அப்பாவா ஆயிடுவேன்."

எனக்கு அந்தப் பெண்ணை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அவர்தான் தடுத்தார். "விடுங்க டீச்சர். தொட்டி கழுவறவன் பொண்ணுன்னு கூடப் படிக்கறவங்க சொன்னா அவளுக்குக் கஷ்டமா இருக்காதா?" ஆனால் ஆய்வகச் சுவரில் இருந்த கடிகாரம் நாலரையைக் காட்டுகிறபோது அவர் கண் வாசல் பக்கம் போகும். மகள் எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "அப்பா, போலாமா?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் முழு நாளையும் ஓட்டுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

பரீட்சைத் தாளில் அவள் சுமார்தான். கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் வேறு ஆளாகிவிடுவாள். அவள் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் மாணவர் ரோபோப் போட்டிக்கான அறிவிப்பு வந்தபோது நான் முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன். முதல் மூன்று இடத்துக்குள் வருகிற அணிக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இடம், விடுதியோடு. அவள் வாங்குகிற மதிப்பெண்ணுக்கு வேறு எந்த வழியிலும் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவளோடு இரண்டு பேரைச் சேர்த்தேன். புரோகிராம் எழுதுகிறவள் குருவி, குரலும் உடம்பும் அப்படி. பாகங்களை அளந்து வெட்டுகிறவள் நெட்டச்சி. செய்ய வேண்டியது என்னவோ சின்ன ரோபோதான், ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், மரக்கட்டையைக் கவ்வி, அதே நிறப் பெட்டிக்குள் போட வேண்டும். இரண்டு மோட்டார், அடியில் கோட்டைப் பார்க்கும் சென்சார், ஒரு பேட்டரி, நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் சர்க்யூட் பலகை, அதில் செருகிய பதினான்கு ஒயர்கள்.

முதல் நாளே மகள் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது.

"நீங்க இத தொடவே கூடாதுப்பா. அப்பறம் அட்டெண்டர் செஞ்சு குடுத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க."

"நான் ஏம்மா தொடப் போறேன்."

நான்கு மாதம் அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர் கையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பெண்கள் ரோபோவை ஓட்டிப் பார்க்கும்போது அவர் தொட்டியருகே நின்று ஒரே பீக்கரை அரைமணி நேரம் துடைப்பார். துடைத்துத் துடைத்து அதில் எண்களே அழிந்துவிடும் போலிருக்கும். கடைசி மாதத்தில் அவர்கள் ரோபோவை முழுதாகப் பிரிப்பதும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பக் கோர்ப்பதுமாக இருந்தார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம் டீச்சர். கழட்டிக் கழட்டி மாட்டறாங்க. இன்னும் சரியா நிக்கல போலருக்கு."

நான் "ம்" என்றேன். என் கையில் நாற்பது நோட்டு மிச்சம் இருந்தது.

அவர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். போட்டியின் விதி அது. அரங்கத்துக்குள் நுழைந்ததும் ரோபோவைப் பாகம் பாகமாகப் பிரித்து மேசையில் பரப்ப வேண்டும். நடுவர் பார்த்த பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் மாணவிகள் கையாலேயே கோர்த்து முடிக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது செய்து கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்பதற்காக வைத்த விதி. பெண்களுக்கு நான் அதை மூன்று முறை படித்துக் காட்டினேன். அட்டெண்டருக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அட்டெண்டரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. 'இதை எடுங்க', 'அதைப் பூட்டுங்க' என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

போட்டிக்கு முந்தின நாள் கடைசி ஓட்டம் பார்த்தோம். நூறு தடவை கழற்றிச் செருகியதில் ஒயர் முனைகள் தளர்ந்து போயிருந்தன. ரோபோ பாதிக் கோட்டில் நின்றது. செருகி விட்டோம். வளைவில் திரும்பும்போது வேறொரு ஒயர் விழுந்தது. மகளின் கண் கலங்கிவிட்டது. புது ஒயர் ஒரு கட்டு பெட்டியில் இருக்கிறது, காலையில் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி மூன்று பேரையும் அனுப்பினேன். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கைப்பையை மாட்டிக்கொண்டே, வாசலில் நின்று அவரிடம் சொன்னேன்:

"அண்ணே, அத எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க. நாளைக்கு ஒண்ணும் கழலக் கூடாது."

அவர் "நான் தொடலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

"தொடுங்க. நான் சொல்றேன்ல."

அவர் முகம் அப்போது எப்படி மலர்ந்தது என்பதை நான் எந்த ஜென்மத்திலும் மறக்கப் போவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. போட்டி விதிகள் அச்சடித்த தாள்கள் என் மடியில் இருந்த அதே பையில் இருந்தன.

மறுநாள் காலை பள்ளி வேனில் போனோம். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று அவரையும் அழைத்துக்கொண்டேன். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அரங்கு பெரியது. நாற்பது மேசைகள், அவற்றைச் சுற்றி நீல நிறக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே மாணவர்களும் நடுவர்களும் மட்டும் போகலாம். நாங்கள் இருவரும் வெளியே, எங்கள் மேசைக்கு நேராக நின்றோம். மணி அடித்தது. எல்லா மேசைகளிலும் கழற்ற ஆரம்பித்தார்கள்.

மகள் ரோபோவை வெளியே எடுத்து ஓர் ஒயரைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இன்னொன்றை இழுத்தாள். ரோபோவைத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பதினான்கு ஒயர்களும் பலகையோடு ஈயம் வைத்துப் பற்றியிருந்தன. ஒவ்வொரு பற்றும் கடுகளவு, பளபளவென்று, ஒன்று கூடப் பிசகாமல். அவற்றின் மேல் அசையாமலிருக்கப் பசையும் ஊற்றியிருந்தது. சென்சாரையும் சட்டத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தது. இன்றுவரை அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தன் வேலையைக் கடைசியில் மகள் பார்த்துவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தார்.

அவர் கையைப் பிடித்து இழுத்து, விதியை அப்போதுதான் சொன்னேன். அவர் சிரிப்பு மறைய நேரம் எடுத்தது.

"பிரிக்கணுமா? எதுக்கு டீச்சர் பிரிக்கணும்?" என்றார். பிறகு, "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அதில் குறை சொல்லும் தொனி துளிகூட இல்லை. சாவி எங்கே வைத்தேன் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வாரே, அந்தக் குரல்தான்.

நடுவர் மேசைக்கு வந்துவிட்டார். நரைத்த தலை, நிதானமான மனிதர். ரோபோவைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த சால்டரிங் யார் பண்ணது?"

வெளி ஆள் கை வைத்தது என்றால் அணி அந்த நிமிடமே வெளியே. மாணவி செய்தது என்றால், நேரத்துக்குள் பிரித்துக் காட்டலாம். இதுவும் அந்தத் தாள்களில் இருந்தது, அவளுக்குத் தெரியும்.

"நான்தான் சார்" என்றாள்.

குருவியும் நெட்டச்சியும் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தார்கள். நடுவர் தலையாட்டினார். "நல்லா பண்ணிருக்கம்மா. ஆனா இத எடுத்தாகணும். அந்த மூலைல எல்லா சாமானும் இருக்கு. ஒரு மணி நேரம் உன் கைல இருக்கு."

அவள் எல்லாம் கற்றவள். மோட்டாரைப் பிரிப்பாள், பல்சக்கரத்தை அரத்தால் ராவுவாள். சால்டரிங் அயர்னை மட்டும் தொட்டதே இல்லை. அது அப்பாவின் சாமான். அந்தப் புகை வாசனைதான் தினமும் அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். அவளுக்கு அது பிடிக்காது.

மூலையில் போய் நின்று அதை எப்படிப் பிடிப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். முதல் பற்றில் வைத்தாள். பசை கருகி மூக்கில் ஏறும் புகை வந்தது. ஈயம் உருகுவதற்குள் ஒயரை இழுத்தாள். கயிற்றுக்கு வெளியே என் காதருகே அவர் முணுமுணுத்தார்: "ஈயத்த உறிஞ்சற பம்ப் பக்கத்துலயே இருக்கு டீச்சர். அத வச்சா ரெண்டு நிமிஷம். மொத்தமே கால் மணி நேர வேலதான் டீச்சர்." அவர் இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருந்தன. அந்த நீலக் கயிறு இடுப்பு உயரம்தான். ஒரு குழந்தைகூட அதைத் தாண்டிவிடும்.

அவள் மறுபடி வைத்தாள், இந்த முறை அதிக நேரம். பலகையின் செம்புக் கோடு தோல் உரிவது போல ஒயரோடு கிளம்பி வந்தது. அவரால் அதற்கு மேல் முடியவில்லை.

"அழுத்தாதம்மா. அழுத்தாத. சூட்ட மட்டும் காட்டு, அதுவே வரும்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நடுவருக்குக் கேட்டுவிட்டது. திரும்பினார்.

"யாரு சார் நீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். மணி பத்தரை இருக்கும். எட்டரையைத் தாண்டி இரண்டு மணி நேரம்.

"ஸ்கூல் அட்டெண்டர் சார்" என்றார்.

நடுவர் அவளிடம் கேட்டார், "உங்க ஸ்கூல் ஆளா?"

"ஆமா சார்" என்றாள். பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், "லேப் அண்ணன்."

"வெளில போய் நில்லுங்க. இன்னொரு தடவ பேசினா இவங்களத்தான் அனுப்ப வேண்டி வரும்."

அவர் போய்த் தாழ்வாரத்தில், குடிநீர்க் கேன் பக்கத்தில் நின்றார். நான் உள்ளேயே இருந்து மிச்சத்தையும் பார்த்தேன். ஐந்தாவது ஒயரில் அவள் விரலைச் சுட்டுக்கொண்டாள். ஏழாவதில் பலகை விரிசல் விட்டது. மற்ற மேசைகளில் சின்னச் சின்ன ரோபோக்கள் கோட்டைப் பிடித்து ஓட ஆரம்பித்திருந்தன. நேரம் முடிந்த மணி அடித்தபோது அவள் கையில் இருந்தது கருகிய ஒரு துண்டுப் பலகையும் பாதி ஒயர்களும்தான். நடுவர் தாளில் எதையோ எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அந்த மணி அடிக்கும்வரை நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் சொல்லலாம். திறந்திருந்தால் அப்போதே அணி வெளியே போயிருக்கும். மணி அடித்த பிறகு திறக்காததற்கு என்ன காரணம் சொல்வது? வேனில் குருவியும் நெட்டச்சியும் அவளைக் கிழித்து எடுத்தார்கள்.

"யாரக் கேட்டு நீ சால்டர் பண்ண? உனக்கு ரூல் தெரியாதா?"

"நாலு மாசம்டி. நாலு மாசத்த ஒரே ராத்திரில நாசம் பண்ணிட்ட."

அவள் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். முன் இருக்கையில் அவர் காலிப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சால்டரிங் யார் கை என்பது வேனில் மூன்று பேருக்குத் தெரியும். அதை யார் வாய் சொல்லிச் செய்தது என்பது இரண்டு பேருக்குத் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி ஆய்வகத்துக்கு வந்தார். மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை, வாய்த்துடுக்கான பெண்மணி. "என்ன நடந்துச்சு டீச்சர்? ரெண்டு பேரும் வீட்டுல ஊமப்படம் ஓட்டறாங்க. நானே பேசி நானே பதில் சொல்லிக்கறேன்" என்றார். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

இரண்டு அறை வீடு, சமையல் மேடைக்கு மேல் அவர் கையால் செய்த விளக்கு. மகள்தான் கதவைத் திறந்தாள். "வாங்க டீச்சர்" என்று முகம் மலர்ந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே திரும்பி, "டீச்சர் வந்திருக்காங்க" என்றாள். அதைச் சுவருக்குச் சொல்வது போல மொட்டையாகச் சொன்னாள். அதில் அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு முந்தின நாள் சாயங்காலம், நான்தான் உங்கப்பாகிட்ட..."

"டீச்சருக்கு டீ போடும்மா" என்று அவர் குறுக்கிட்டார். அவள் எழுந்து போனாள். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு, பஸ் நிறுத்தம் வரை கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவர், தெருமுனை தாண்டியதும் சொன்னார்:

"சொல்லாதீங்க டீச்சர். இப்ப அவளுக்கு என் ஒருத்தன் மேலதான் கோவம். உங்கள அவ அவ்ளோ நம்பறா. அதையும் எடுத்துட்டா அவளுக்கு வேற யாரு இருக்கா?"

"உங்கள அப்பான்னு கூப்பிடறதில்லையே அண்ணே."

"கூப்பிடுவா" என்றார். சற்று நடந்து, "சால்டர் வச்சது என் கைதான டீச்சர்" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் சொல்லாதே என்றாரே என்ற நிம்மதி அப்போது எனக்கு இருந்தது. இல்லை என்று பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் அவள் வேறு ஊரில் ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள், தங்குவதற்கும் அங்கேயே இடம் கொடுத்தார்கள். ஆறு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போகிறாள். அவர் இன்னும் எங்கள் ஆய்வகத்தில்தான் இருக்கிறார். சால்டரிங் அயர்ன் மூன்றாம் அலமாரியில், அந்த மெமோவோடு பூட்டிக் கிடக்கிறது. மின்தடைப் பெட்டியில் முளை ஆடினால், "புதுசு ஒண்ணு கேட்டு எழுதிடுங்களேன் டீச்சர்" என்கிறார். லூஸ் காண்டாக்ட் என்று அவர் வாயால் கேட்டு வெகுநாளாகிறது. இப்போதைய மாணவிகளுக்கு அந்தப் பெயரே தெரியாது.

அவள் எனக்கு மட்டும் மாதம் ஒருமுறை போன் செய்வாள். போன வாரமும் செய்தாள். சாயங்காலம் நாலரை தாண்டியிருந்தது. அவர் தொட்டியருகே பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். என் குரலை வைத்தே யாரென்று தெரிந்துகொண்டு, சத்தம் வராமல் குழாயை மூடினார். கடையில் தன்னை மேற்பார்வையாளராக்கியதைச் சொன்னாள். பழைய பேச்சு வந்தது. குருவிக்குக் கல்யாணம் ஆனதைச் சொல்லிவிட்டு, அந்த நாளுக்கு வந்தாள்.

"அன்னைக்கு வேன்ல எல்லாரும் என்னத் திட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் டீச்சர் ஒரு வார்த்த சொல்லல. அத நான் மறக்கவே மாட்டேன்."

தொட்டியருகே அவர் ஈரக் கையோடு நின்றிருந்தார். நான் "சரிம்மா" என்றேன்.

போனை வைத்ததும் கேட்டார், "நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்லண்ணே. வேலைல உயர்வு குடுத்திருக்காங்களாம்."

தலையாட்டினார். குழாயைத் திறந்து, கழுவிய பீக்கரையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.